பாடுகிறவரின் கை காற்றில் எதை எழுதுகிறது?

கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக் கற்கும் தம் மகளைப் பற்றி ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பாடும்போது அவளுடைய இடது கை காற்றில் ஓயாமல் எதையோ வரைந்துகொண்டே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் அதை அங்கசேஷ்டை, அதாவது வேண்டாத உடலசைவு, என்று கண்டிக்கிறார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு பாடச் சொன்னால் ஸ்வரம் பிசகவில்லை என்றாலும் பாட்டில் ஏதோ குறைந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்த வேண்டுமா, உடலசைவுக்கும் இசையின் வெளிப்பாட்டுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்பது கேள்வி. அந்தக் கையைக் கட்டிவிடாதீர்கள் என்பதே என் பதில். பெரும்பாலான நேரங்களில் அந்தக் கை பாட்டை உருவாக்கும் வேலையில் பங்கு கொண்டிருக்கிறது. ஆனால் பெரியவர்களின் கண்டிப்பிலும் ஒரு நியாயம் இருப்பதால், அது எதைக் குறித்து எழுந்தது என்பதை முதலில் பார்த்துவிடுகிறேன்.

அசையாமல் பாடுவதே உயர்வு என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் தத்தை பாடும் காட்சியைத் திருத்தக்கதேவர் இப்படிக் காட்டுகிறார்: புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தோன்றவில்லை, வாய் திறந்து பாடியவள் இவள்தானா, இல்லை வீணையே நாப்பெற்றுப் பாடியதா என்று கேட்டவர்கள் மயங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் பாடகருக்கு ஆகாத குற்றங்களாக இருபத்தைந்தைச் சொல்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது, வாயை அகலப் பிளப்பது, கழுத்தைக் கோணலாக வைப்பது, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவது, கன்னத்தைச் சுரைக்காய்போல் உப்பவைப்பது, கைகால்களைப் பரப்பி நீட்டுவது, கண்ணை மூடிக்கொள்வது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். இவற்றுள் பெரும்பாலானவை ஒலி பிறக்கும் இடத்தில், அதாவது தாடை, கழுத்து, தொண்டை, கன்னம் ஆகியவற்றில், ஏற்படும் இறுக்கத்தின் வெளி அடையாளங்கள். சிந்தாமணிச் செய்யுள் பாராட்டுவதும் அந்த இறுக்கம் சிறிதும் இல்லாமையைத்தான்: எவ்வளவு அரிய பாடலையும் முயற்சியின் சுவடு தெரியாமல் பாடக்கூடிய தேர்ச்சியை. கைகால்களைப் பரப்புவது மட்டும் சபைக்கான கண்ணியத்தைச் சார்ந்த விதியாகத் தோன்றுகிறது. ஸ்வரத்தோடு இணைந்து அளவாக நகரும் கையை இந்தப் பட்டியலுக்குள் கொண்டுவர எனக்கு ஆதாரம் தென்படவில்லை. மேலும் அதே சார்ங்கதேவர்தான் பாட்டு, வாத்தியம், ஆடல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சங்கீதம் என்று வரையறுத்தார். அசைவைச் சங்கீதத்தின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்த ஒருவரைச் சான்றாகக் காட்டி, அசைவே கூடாது என்று வாதிடுவது பொருந்தாது.

இனி அந்தக் கை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அது வெறும் ‘க’ என்ற ஓர் எழுத்து. பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கீழுள்ள ரிஷபத்தின் பக்கமிருந்து எழுந்து மேலுள்ள மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்பி, மறுபடியும் எழுகிறது. அந்த எழுச்சி எவ்வளவு விரைவானது, உச்சியில் எவ்வளவு நேரம் தங்குகிறது, இறங்கும்போது எடை எங்கே விழுகிறது என்பவைதான் அதைத் தோடியின் காந்தாரமாக்குகின்றன. சங்கராபரணத்தின் காந்தாரத்துக்கும் புத்தகத்தில் அதே எழுத்துதான். ஆனால் அது சற்று உயர்ந்த அந்தர காந்தாரம், அசைவில்லாமல் கார்வையாக, அதாவது நீண்ட ஒலியாக, நிற்கக்கூடியது. தேர்ந்த பாடகர் இவ்விரண்டையும் பாடுவதைப் பார்த்தால், முதலாவதில் கை ஒரு கனமான பொருளை ஊஞ்சலாட்டுவதுபோல் போய்வருவதையும், இரண்டாவதில் விரல்கள் எதையோ மெல்லப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவதையும் காணலாம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறையான கமகத்தின் எழுத்தில் அடங்காத வடிவத்தை, அதன் வேகத்தையும் எடையையும் திருப்பத்தையும், கை தாங்கிக்கொள்கிறது.

நான் கற்பித்த ஆண்டுகளில் இதைப் பலமுறை சோதித்திருக்கிறேன். ஒரு சங்கதி, அதாவது வரியை மெருகேற்றிப் பாடும் ஒரு வடிவம், பிடிபடாத மாணவரிடம் ‘இன்னும் கொஞ்சம் மேலே போ’, ‘சீக்கிரம் இறங்காதே’ என்று சொல்லால் திருத்தும்போது பெரும்பாலும் குரல் இறுகிவிடும். ஏனெனில் சொல்லைக் கேட்ட மாணவர் தொண்டையை நினைக்கத் தொடங்கிவிடுகிறார். அதற்குப் பதிலாக, பாடாமல் அந்தச் சங்கதியைக் கையால் காற்றில் வரைந்து காட்டு என்று கேட்டால், பிழை எங்கே இருக்கிறது என்பது கையிலேயே தெரிந்துவிடும். உச்சியில் தங்க வேண்டிய இடத்தில் கை வழுக்கி விழும். கையின் பாதை சரியான பிறகு பாடச் சொன்னால், பல நேரங்களில் குரல் தானாகவே அந்த வழியில் போகிறது. வேதம் ஓதுவிக்கும் பாடசாலைகளில் ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தை மாணவனின் தலையைப் பிடித்து அசைத்துப் பதியவைக்கும் முறையும், சாமவேதிகள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு ஸ்வரங்களைக் குறிக்கும் முறையும் இந்த அறிவின் மேல் எழுந்தவைதாம். ஒலியை உடலில் ஓர் இடத்தோடு முடிந்து வைத்தால் அது மறப்பதில்லை.

கமகத்தைக் கையசைவாக நினைப்பது நம் வாத்தியங்களிலும் நேராகவே தெரிகிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டிலிருந்து அடுத்தடுத்த ஸ்வரங்கள் பிறக்கின்றன. தந்தியின் மேல் விரலைச் சறுக்கினால் ஜாரு. இழுப்பும் சறுக்கலும் கேட்பவரின் காதுக்கு வேறு வேறு ருசிகள். அந்த வேறுபாடு கையின் வேறுபாடேயன்றி வேறில்லை. வயலினின் கதை இன்னும் தெளிவானது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. மேற்கத்தியர் தாடைக்கும் தோளுக்கும் இடையே பிடித்து வாசிக்கும் அந்த வாத்தியத்தை, நம்மவர்கள் தரையில் அமர்ந்து, ஒரு முனையை மார்போடும் மறுமுனையை வலது கணுக்காலின் மேலும் சாய்த்து வைத்துக்கொள்கிறார்கள். இதனால் வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பிலிருந்து இடது கை முழுமையாக விடுபடுகிறது. தந்தியின் நீளம் முழுவதும் தடையின்றி வழுக்கிச் செல்லவும், ஒரே விரலால் கமகத்தை ஆட்டவும் முடிகிறது. தந்தியும் வில்லும் அங்கிருந்து வந்தவைதாம். அமரும் முறையை மாற்றியதால் கையின் அசைவு மாறியது, கையின் அசைவு மாறியதால் அந்த வாத்தியம் தோடி பேசக் கற்றுக்கொண்டது. உடலசைவு இசை வெளிப்பாட்டை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கையசைவு பார்ப்பவருக்காகச் செய்யப்படும் அலங்காரம் என்ற எண்ணத்தை ஆய்வுகளும் ஏற்பதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், எதிரே இருப்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தபோதிலும், பேசும்போது கையசைக்கிறார்கள் என்பதை ஐவர்சன், கோல்டின்மெடோ ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. யாரும் பார்க்காத கை யாருக்காக அசைகிறது? பேசுகிறவரின் சிந்தனைக்காகவே என்பதுதான் அதற்கு நேரான விளக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தனியே நின்று பாடுகிறவர்களின் கையும் அசைவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. இதற்கு உடலியல் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. கையைச் சட்டென்று வீசி நிறுத்தும்போது உடல் நிலைகுலையாமல் இருக்க நெஞ்சும் வயிறும் சேர்ந்த தசைகள் தாமாகவே இறுகுகின்றன. அந்த இறுக்கம் நுரையீரலின் காற்றழுத்தத்தைச் சற்று மாற்றுகிறது. காற்றழுத்தம் மாறினால் குரலின் ஒலியளவும் சுருதியும் நுண்ணிய அளவில் மாறுகின்றன. விம் பாவ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட சோதனையில், ஒருவர் ஒரே சீராகக் குரல் கொடுத்துக்கொண்டே கையை அசைத்தபோது, அந்தக் குரலை மட்டும் கேட்டவர்களால் அவருடைய கையின் தாளகதியைக் கண்டறிந்து தங்கள் கையையும் அதோடு சேர்த்து அசைக்க முடிந்தது. லாரா பியர்சன் கர்நாடக இசைப் பாடகர்களை வைத்து இதே வழியில் பாவுடன் சேர்ந்து 2022-இல் செய்த ஆய்வும், கையசைவின் வேக மாற்றங்களும் குரலின் மாற்றங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதையே காட்டியது. கையை மடியில் வைத்தால் பாட்டில் ஏதோ குறைகிறது என்று அந்தத் தாயாரின் காது சொன்னதை நான் அதனால்தான் நம்புகிறேன்.

வலது கையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அது தாளம் போடுகிறது. ஆனால் தாளமும் உடலசைவுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆதி தாளத்தில் ஒரு லகுவும் இரண்டு திருதங்களும் உள்ளன: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும், மறுபடி தட்டும் வீச்சும், ஆக எட்டு அட்சரங்கள். இதில் ஓசை எழுப்பும் செயல் மூன்று மட்டுமே. மீதி ஐந்தும் ஓசையற்றவை. ஓசையற்ற செயல்களுக்கு இலக்கணம் வகுத்து, அவற்றுக்கும் ஓசையுள்ளவற்றுக்குச் சமமான காலத்தையும் மதிப்பையும் கொடுத்த மரபு நம்முடையது. ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஒலியைக் கேட்காமலேயே சுண்டுவிரல் சொல்லிவிடும். பாட்டு தாளத்தின் தொடக்கமான சமத்துக்குப் பின் அரை இடம் தள்ளி எடுக்கப்படும்போதும், மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரம் நாலு நாலாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று மும்மூன்றாகச் செல்லும் திஸ்ர நடைக்கு மாறும்போதும், குரல் தாளத்தை எதிர்த்துச் செல்லத் துணிவதற்குக் காரணம் கை பிசகாமல் தன் கணக்கைக் காத்துக்கொண்டிருப்பதுதான். சபையில் அமர்ந்திருப்பவர்களும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பது நம் கச்சேரிகளுக்கே உரிய அழகு. கணக்காக அமைத்த முடிப்பான கோர்வை முடிந்து, பாட்டைத் தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும் கணத்தில் மேடையிலும் கீழிருக்கும் நூறு தொடைகளிலும் ஒரே நேரத்தில் கை இறங்கும்போது, அந்த மகிழ்ச்சியைக் காதால் மட்டும் அடைந்துவிட முடியாது.

கச்சேரி மேடை ஒரு ஊமைப் பேச்சால் நடத்தப்படுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆலாபனையின் ஒரு பகுதியை முடித்துவிட்டு வயலின்காரரின் பக்கம் திரும்பும் முகம், ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலை இன்னொரு வேகத்துக்கு எடுத்துச் செல்லப்போகிறேன் என்று மிருதங்கக்காரருக்குச் சொல்லும் கண், தாள வாத்தியக்காரர்கள் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை விட்டுக்கொடுக்கும் தலையசைப்பு ஆகியவற்றுக்கு முன்னேற்பாடான ஒத்திகை எதுவும் இல்லை. மிருதங்கக்காரர் பாடகரின் கைவீச்சைப் பார்த்தே வேகமான ஸ்வரக் கோவையான பிருகா எங்கே முடியப்போகிறது என்று ஊகித்து, அதற்கு இடம் விட்டு வாசிக்கிறார். ‘பலே’ என்று வாய்விட்டுச் சொல்லாமல், உள்ளங்கையைச் சற்றே விரித்துக் காட்டும் ஒரு பாராட்டைப் பெற்ற பக்கவாத்தியக்காரரின் அடுத்த சுற்று எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கேட்பவரின் கண் பாட்டுக்கு என்ன செய்கிறது என்பது சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டிய பகுதி. மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தை வைத்து ஷூட்ஸ், லிப்ஸ்கோம் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பவர் கையை நீளமாக வீசி அடித்தாலும் சுருக்கமாக அடித்தாலும், ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கு எழுந்த ஒலியின் நீளத்தில் வேறுபாடு உணரப்படவில்லை. ஆனால் வீச்சைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, நீண்ட வீச்சின் ஒலி நீளமாகவே கேட்டது. கண் காதுக்குள் புகுந்து ஒலியை மாற்றிவிடுகிறது. சியா-ஜுங் ட்சாய் 2013-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் ஒரு படி போய், இசைப் போட்டிகளில் யார் வென்றார் என்பதை ஒலியில்லாத காணொளியைப் பார்த்தவர்களே ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள் என்றது. அது பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் மற்றவர்கள் வேறு கலைஞர்களின் காணொளிகளை வைத்துச் செய்து பார்த்தபோது அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. எனவே கண் காதை வென்றுவிடுகிறது என்று இதிலிருந்து பொதுவிதி செய்வதை நான் ஏற்கவில்லை. அசைவைப் பார்வையாளருக்கான உத்தியாகக் கற்றுக்கொடுக்க இந்த ஆய்வைக் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

அசைவு அவ்வளவு முக்கியம் என்றால், சென்னை வானொலி 1938-இல் தொடங்கிய காலம் முதல் முகமே பார்க்காமல் பாட்டைக் கேட்டு உருகியவர்கள் எதை இழந்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள் மேடையின் பேச்சை இழந்தார்கள். பாட்டுக்குள் இருந்த அசைவை இழக்கவில்லை. கை எழுதிய வளைவு குரலில் ஏற்கெனவே பதிந்துவிட்டது. நல்ல ஒலிப்பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது நம் கையே தானாக எழுந்து அந்த வளைவைப் பின்தொடர்வது அதனால்தான்.

முகபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தால் பாட்டைத் தாங்கி, கையால் பொருளைக் காட்டி, கண்ணால் பாவத்தைக் காட்டி, காலால் தாளத்தைக் காட்டுக என்று அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் ஆடுபவருக்குச் சொல்கிறது. இந்த நான்கையும் ஓருடலில் நிறைவேற்றியவர் பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரஸ்வதி (1918–1984). வீணை தனம்மாளின் பேத்தி. அவருடைய ஆட்டத்துக்குத் தாயார் ஜெயம்மாள் பாடினார். அமர்ந்து பதம் என்ற மெதுவான காதல் பாடலைப் பிடிக்கும்போது அவரே பாடிக்கொண்டு அபிநயிப்பதும் உண்டு. பதத்தின் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்போது ஒருமுறை அது கெஞ்சலாகவும், அடுத்த முறை ஊடலாகவும், அதற்கடுத்த முறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாகவும் மாற, அதற்கேற்பச் சங்கதியும் மாறும். கையும் கண்ணும் பொருளைத் தேர்ந்தெடுக்க, குரல் அதன் பின்னே செல்லும். சென்னை மியூசிக் அகாடமி இசைக்கலைஞர்களுக்கு வழங்கும் சங்கீத கலாநிதி விருதை 1973-இல் ஒரு நடனக் கலைஞரான அவருக்கு வழங்கியது, அந்த ஆட்டம் இசையாகவே இருந்தது என்பதற்குச் சபை கொடுத்த ஒப்புதல் என்று நான் கருதுகிறேன். ஆயினும் கச்சேரி மேடையில் அமர்ந்து கீர்த்தனை பாடுகிறவர் சொல்லுக்குச் சொல் முகத்தில் நடித்துக் காட்டுவது வேறு வகை. அங்கே பொருள் ராகத்தின் வழியாக வர வேண்டும். முகம் அதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் குரலுக்கு வேலை இல்லாமல் போகிறது.

எனவே மகளிடம் எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம் என்பதற்கு வருகிறேன். அவள் பாடும்போது சில நிமிடங்கள் கையைப் பார்க்காமல் கழுத்துக்கு மேலே மட்டும் பாருங்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முகவாய் மேலே தூக்குகிறதா, தாடை ஒரு பக்கம் இழுபடுகிறதா, தோள்கள் காதை நோக்கி எழுகின்றனவா, கழுத்து நரம்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் எது இருந்தாலும் அது சார்ங்கதேவர் பட்டியலிட்ட வகைக் குற்றம். பத்து ஆண்டுகள் கழித்துக் குரலைக் கெடுக்கக்கூடியது. ஆசிரியரிடம் சொல்லி உடனே திருத்த வேண்டியது. கண்ணாடி முன் அமர்ந்து, ‘ஆ’ என்ற ஒலியில் பாடிப் பழகும் அகார சாதகம் செய்வது இதற்குப் பழைய, நல்ல மருந்து. பிறகு இடது கையைப் பாருங்கள். அது ஸ்வரத்தோடு சேர்ந்து போகிறதா, கார்வையில் நிற்கிறதா, பாட்டு ஓயும்போது தானும் ஓய்கிறதா? அப்படியானால் அதைத் தொடாதீர்கள். பாட்டு எதுவாக இருந்தாலும் அது ஒரே வட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால், அல்லது குரல் எட்டாத இடத்தைக் கை எட்டிப் பிடிக்க முயன்றால், அப்போதும் கையைக் கண்டிக்க வேண்டாம். அந்த இடத்தில் சங்கதி இன்னும் அவளுக்கு விளங்கவில்லை என்று கொண்டு, கீழ்க் காலத்தில், அதாவது மெதுவாக, மறுபடி பாடவையுங்கள். சங்கதி பதியும்போது கையும் அடங்கும். யாரையோ பார்த்துப் பழகிய சைகைகளும் அவளிடம் இருக்கலாம். குருவின் குரலோடு குருவின் கையும் சீடருக்கு வந்து சேர்வது இயல்பு. சில ஆண்டுகளில் அது உதிர்ந்து அவளுடைய சொந்தக் கை வெளிப்படும்.

அவள் இணையவழியில் கற்கிறாளா என்று எழுதவில்லை. அப்படியானால் ஒரு சிறு மாற்றம் போதும். இப்போது பல வகுப்புகளில் திரையில் முகம் மட்டுமே தெரிகிறது. ஆசிரியரின் கை எங்கே நிற்கிறது, எங்கே வளைகிறது என்பதை மாணவர் பார்ப்பதில்லை, மாணவரின் தாளம் எங்கே நழுவுகிறது என்பதை ஆசிரியரும் பார்ப்பதில்லை. கைபேசியை நான்கடி தள்ளி, சற்றுத் தாழ்வாக வைத்து, மடியும் இரு கைகளும் தெரியும்படி அவளை உட்காரச் சொல்லுங்கள். ஆசிரியரிடமும் அவ்வாறே அமருமாறு பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள்.